பூமிக்குக் கலர் போட்டவள்

ரேணுகாம்பாளைப் பற்றி யாரும் எழுதப் போவதில்லை. அவள் புருஷன் எழுத மாட்டான். அவனுக்குக் கையெழுத்துப் போடத்தான் தெரியும், அதுவும் அவள் செய்த வேலைக்கு அடியில். எங்கள் பள்ளிக்கூடமும் எழுதாது. மிச்சம் இருப்பது நான். அவள் பிழைப்பில் மண்ணைப் போட்டவளே அவளைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். என்ன நெஞ்சழுத்தம் இவளுக்கு என்று உங்களுக்குத் தோன்றினால் தோன்றட்டும், எனக்கே அப்படித்தான் தோன்றுகிறது.

அவளுக்குப் பிறந்த ஊர் தாமல். ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் நிலம் வைத்திருந்த குடும்பம். எட்டாவது வரை படித்து, டிராயிங் லோயர் கிரேடு பரீட்சையும் பாஸ் செய்திருந்தாள். ஹையர் கிரேடு எழுதுவதற்குள் கழுத்தில் தாலியைக் கட்டிக் காஞ்சிபுரத்துக்கு அனுப்பிவிட்டார்கள். மாப்பிள்ளை அப்பாதுரை போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தான். கல்யாணப் படம், பாஸ்போர்ட் படம், காலமானவர்களின் பழைய படத்தைப் பெரிதாக்கிக் கொடுப்பது, இதுதான் தொழில். ஆள் நல்ல உயரம், நல்ல பேச்சு. வேலைதான் வராது.

அந்த நாளில் கலர் பிலிம் எங்கள் ஊர் ஸ்டுடியோக்களுக்கு எட்டவில்லை. கறுப்பு வெள்ளையில் எடுத்துப் பெரிதாக்கி, அதன்மேல் கையால் கலர் போடுவார்கள். தீக்குச்சி முனையில் பஞ்சைச் சுற்றி, சாயத்தில் தொட்டு, அடியில் இருக்கும் முகம் மறையாமல் மெல்லத் தேய்க்க வேண்டும். அப்பாதுரை தேய்த்தால் மணப்பெண்ணுக்கு மஞ்சள்காமாலை வந்த மாதிரி இருக்கும். கல்யாணமாகி வந்த ஒரே வருஷத்தில் அந்த வேலை பின்அறைக்குப் போய்விட்டது. பின்அறை என்றால் ரேணுகாம்பாள். முன்அறையில் அவன் நின்றுகொண்டு, "நம்ம கை வேலை சார்" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருப்பான். அதைக் கேட்டுக்கொண்டே அவள் உள்ளே பஞ்சு சுற்றிக்கொண்டிருப்பாள்.

வேறு ஊராக இருந்தால் புடவைக்கு ஏதோ ஒரு சிவப்பைப் பூசித் தள்ளிவிடலாம். இங்கே நடக்குமா? தெருவுக்கு ஐம்பது தறி. எது அரக்கு, எது குங்குமச் சிவப்பு, எது மிளகாய்ப்பழம் என்று பல் முளைக்காத குழந்தைகூடச் சொல்லும். ஒரு தரம் அப்பாதுரை அரக்குக் கரைக்குச் செக்கச்சிவப்பு அடித்துக் கொடுத்துவிட்டான். படத்தைப் பார்த்த சம்பந்தியம்மாள், நாங்கள் எடுத்துக் கொடுத்த கூறைப்புடவையை மாற்றிவிட்டார்கள் என்று கிளப்பிவிட்டாள். இரண்டு வீட்டுக்கும் மூன்று மாதம் பேச்சுவார்த்தை இல்லை. அதற்குப் பிறகு ரேணுகாம்பாள் ஒரு சட்டம் வைத்தாள். புடவையில் இருந்து ஒரு நூல் துண்டு கொண்டுவந்தால்தான் பஞ்சைத் தொடுவாள். பார்க்காத நிறத்தைப் போட மாட்டாள். காலமானவர்கள் படம் வந்தால், நல்ல சிவப்பாகப் போடு என்று வீட்டார் கேட்பார்கள். அவரைப் பார்த்த வேறு நாலு பேரிடம் விசாரித்துவிட்டு மாநிறமாகத்தான் போடுவாள். சண்டைக்கு வருவார்கள். வந்து கத்திவிட்டு, படத்தையும் எடுத்துக்கொண்டு போய் மாட்டுவார்கள்.

இப்படிச் சேர்ந்த நூல் துண்டுகளை அட்டைகளில் ஓட்டை போட்டுக் கோத்து வைத்திருந்தாள். சிவப்புக்கு ஒரு அட்டை, பச்சைக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று. நீல அட்டையில் மட்டும் இருபத்தாறு துண்டு. ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்லுவாள்.

இனி நான் வருகிறேன். என் பெயர் வத்ஸலா, சின்னக் காஞ்சிபுரம். ஒரு பெண்கள் பள்ளியில் சயன்ஸ் டீச்சர். என் தங்கை கல்யாணப் படத்துக்குக் கலர் போட்டபோதுதான் பழக்கம். அதிகம் பேசமாட்டாள், ஆனால் பேசினால் ஒரு வார்த்தை வீணாகாது. எனக்கு அவளைப் பிடித்தது. அவளுக்கு நல்லது செய்யப் போகிறேன் என்கிற எண்ணம் அதைவிடப் பிடித்தது. இதை அன்றைக்குத் தெரிந்துகொண்டிருந்தால் அவள் தப்பித்திருப்பாள்.

அறுபத்தொன்பதில் சந்திரனில் மனுஷன் கால் வைத்தான். ஊரே இரண்டாகப் பிரிந்து அதைப் பற்றித்தான் பேச்சு. கோயில் பக்கம் போனால், சந்திரன் தேவதை, அதன்மேல் எப்படிச் செருப்புக் காலை வைப்பது என்று கோபம். பள்ளிக்கூடத்தில் எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. தை மாதம் பொருட்காட்சி வைப்பது, வானத்தில் இருந்து பார்த்தால் பூமியும் மற்ற கிரகங்களும் எப்படி இருக்கும் என்பதுதான் விஷயம் என்று முடிவாயிற்று. அதே சமயம் எங்கள் டிராயிங் டீச்சர் புருஷனுக்கு மாற்றலாகி வேலூர் போய்விட்டாள். கரஸ்பாண்டென்ட் கலியாணசுந்தரத்திடம் நானே போய் ரேணுகாம்பாள் பெயரைச் சொன்னேன். தற்காலிக வேலைக்கு லோயர் கிரேடு போதும், பொருட்காட்சியில் அவள் கைவேலையைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார் அவர். பள்ளிக்கூடம் அவருடையது. அவர் தலையை ஆட்டினால் வேலை.

நான் இதைச் சொன்னபோது அவள் சம்பளம் கேட்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அட்டெண்டன்ஸ் நோட்டுல என் பேரு இருக்கும் இல்ல டீச்சர்?"

"உங்க பேர் இல்லாம? தினம் நீங்களே கையெழுத்துப் போடணும்."

அவள் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தரம்தான். பன்னிரண்டு வருஷமாக ஊரில் பாதி வீட்டுச் சுவரில் அவள் வேலை தொங்குகிறது, ஒன்றிலும் அவள் பெயர் இல்லை. அவளுக்கு அந்த வேலை வெறும் வேலை இல்லை என்று எனக்கு அப்போதே தெரியும். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

கிரகங்களை அவளே பெரிய பெரிய அட்டையில் வரைந்தாள். அதில் தகராறு வரவில்லை. செவ்வாய்க்குச் சிவப்பு, குருவுக்கு மஞ்சள், சுக்கிரனுக்கு வெள்ளை, புதனுக்குப் பச்சை, சனிக்குக் கருநீலம் போட்டு ஒரு வளையம். கோயில் நவக்கிரகத்துக்கு எந்த நிறத்தில் துணி சாத்துவார்களோ அதே நிறம். அவற்றை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள், அதனால் என்னை ஒன்றும் கேட்கவில்லை. புதன் பச்சை என்று எந்த விஞ்ஞானியும் சொல்லவில்லை, சனி மஞ்சளாக இருக்கும் என்று என் புத்தகத்திலேயே இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. அழகாக இருந்தது, போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

பூமியில்தான் வந்து நின்றது. சந்திரனைச் சுற்றிப் போனவர்கள் எடுத்த படம் ஒன்று பேப்பரில் வந்திருந்தது. கீழே சந்திரனின் கரடுமுரடான விளிம்பு, மேலே கறுப்பில் பாதி தெரிகிற பூமி. அதை வெட்டிக் கொடுத்தேன். அப்பாதுரை காப்பி எடுத்துக் கதவளவுக்குப் பெரிதாக்கிவிட்டான். ரேணுகாம்பாள் அதன் முன்னால் இரண்டு நாள் சும்மா உட்கார்ந்திருந்தாள். சந்திரன் சாம்பல், அதற்குக் கலரே வேண்டாம் என்றாள். பூமிக்கு என்ன நிறம் என்று கேட்டாள். நீலம், போனவர்கள் அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள் என்றேன்.

"நீலம்னா எந்த நீலம் டீச்சர்? நான் ஒருத்தியே இருபத்தாறு நீலம் வச்சிக்கினு இருக்கறேன்."

"நீலம் நீலம்தானே ரேணுகாம்மா. பேப்பர்ல அவ்வளவுதான் போட்டிருக்கா."

"பேப்பர்காரன் பார்த்தானா? இந்த வெள்ள வெள்ளையா இருக்குதே, இது என்னா? யாரனா கலர்ல பார்த்தவங்க சொல்லணும். பாக்காம நான் போட்டதில்லம்மா."

எனக்குச் சுருக்கென்றது. ஒரு பி.எஸ்ஸி. படித்தவளை எட்டாவது படித்தவள் கேள்வி கேட்கிறாளா என்று. ஆனாலும் அவள் சொன்னது நியாயம். மெட்ராஸில் அமெரிக்காக்காரர்களின் நூலகத்தில் இதே படம் கலரில் மாட்டியிருக்கிறது என்று கேள்விப்பட்டிருந்தேன். நானே போய்ப் பார்த்து வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அவள் நீல அட்டையைக் காகிதத்தில் சுற்றி என் கையில் கொடுத்தாள். பட்டப்பகலில், ஜன்னல் பக்கமாக வைத்துப் பார்க்க வேண்டும், ஒவ்வொரு நூலாகப் படத்தின் பக்கத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும், வெள்ளை எது என்று கேட்டு வர வேண்டும் என்று மூன்று தரம் சொன்னாள்.

சனிக்கிழமை காலை பஸ் ஏறினேன். திருவல்லிக்கேணியில் அக்கா வீடு. இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுப் போ என்றாள். சாத்தமுது, அப்பளம், பேச்சு. வெயில் தாழட்டும் என்று கூடத்தில் தலையைச் சாய்த்தேன். கண் விழித்தபோது நாலு மணி. இனிமேல் போய், நூலகத்தைத் தேடிப் பிடித்து, அங்கே பத்துப் பேருக்கு நடுவில் நூல் துண்டுகளை வைத்துக்கொண்டு பைத்தியக்காரி மாதிரி நிற்கவா என்று இருந்தது. அக்காவோடு கடற்கரைக்குப் போனேன். சுண்டல் தின்றேன். அவ்வளவுதான் நடந்தது. பெரிய பாவம் செய்கிறவர்களுக்குப் பெரிய காரணம் இருக்கும் என்பார்கள், எனக்குத் தூக்கம் வந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் அட்டையைப் பிரித்தேன். மயில் கழுத்து நிறம் கண்ணில் பட்டது. என்னிடம் அந்த நிறத்தில் ஒரு புடவை உண்டு. பூமி அப்படி இருந்தால் நன்றாக இருக்குமே என்று தோன்றியது. மறுநாள் ஸ்டுடியோவுக்குப் போய் அந்த நூலில் விரலை வைத்து, இதுதான் என்றேன். வெள்ளை என்ன என்று கேட்டாள். பள்ளிக்கூடத்துப் பூமி உருண்டையில் கடல் நீலம், தரை பழுப்பு, நடுவில் வேறொன்றும் இல்லை. தரைதான், வெயிலில் வெளுத்துத் தெரிகிறது, மண் நிறம் போடுங்கள் என்றேன். கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சரி என்று தலையாட்டிவிட்டுச் சாயத்தைக் குழைக்கப் போனாள்.

ஒன்பது நாள் வேலை செய்தாள். மயில் கழுத்தில் கடல், செம்மண்ணில் தரை. சுழித்துச் சுழித்துப் போகிற அந்த வெள்ளையை எல்லாம் ஒரு கீற்று விடாமல் மண் நிறத்தால் மூடினாள். பொருட்காட்சி அன்று அதற்கு முன்னால்தான் கூட்டம் நின்றது. தலைமை ஆசிரியை இரண்டு தரம் வந்து பார்த்தாள். ரேணுகாம்பாள் ஒரு வெள்ளைப் புடவையில், டீச்சர் மாதிரியே தலையை வாரிக் கொண்டை போட்டுக்கொண்டு, ஓரமாக நின்றிருந்தாள். அப்பாதுரை வழக்கம்போல, நம்ம கை வேலை சார் என்று வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

மத்தியானம் கரஸ்பாண்டென்ட் வந்தார். கூடவே சக்ரவர்த்தி என்று ஒருவர், அமெரிக்காவில் எஞ்சினியர், லீவில் வந்திருந்தார். படத்தைப் பார்த்தவர் முதலில் நல்ல மாதிரியாகத்தான் சிரித்தார். தோள்பையில் இருந்து பளபளவென்று ஒரு பத்திரிகையை எடுத்துப் பிரித்தார். அதே படம், கலரில். அவர் ஒன்றும் கெட்டவர் இல்லை, தெரிந்ததைச் சொன்னார். அந்த வெள்ளை மேகம், தரையே இல்லை, மேகத்துக்கு யாரோ மண்ணைப் பூசியிருக்கிறார்கள் என்றார். கடலும் இந்தப் பச்சை கலந்த நிறமே இல்லை என்றார். சுற்றி நின்ற பெண்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தி சிரித்தாள், பிறகு எல்லோரும் சிரித்தார்கள். பச்சைப் புதனையும் கருநீலச் சனியையும் பார்த்து யாரும் சிரிக்கவில்லை.

"யார் போட்டது இது?" என்றார் கரஸ்பாண்டென்ட்.

அப்பாதுரைக்கு அப்போதுதான் உண்மை வாயில் வந்தது. தன் சம்சாரம் போட்டது, எட்டாங்கிளாஸ், அவளுக்கு என்ன தெரியும் சார் என்றான். கரஸ்பாண்டென்ட் என் பக்கம் திரும்பினார்.

"நீங்க சயன்ஸ் டீச்சர். பார்த்துச் சொல்லலையா?"

கூடம் முழுக்க என் மாணவிகள். அந்த எஞ்சினியர் வேறு என் முகத்தையே பார்க்கிறார். ரேணுகாம்பாளும் பார்க்கிறாள், ஆனால் அவள் கெஞ்சவில்லை, என்ன சொல்லப் போகிறேன் என்று காத்திருந்தாள்.

"நான் சரியாத்தான் சொன்னேன் சார். அவங்கதான் மாத்திப் போட்டுட்டாங்க."

பாடம் சொல்கிற மாதிரி தெளிவாகச் சொன்னேன். சுவரில் இருந்த படத்தை ரேணுகாம்பாளே கழற்றி, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு, பின்வாசல் வழியாகப் போனாள். டிராயிங் டீச்சர் வேலை அடுத்த வாரம் கரஸ்பாண்டென்டின் தங்கை மகளுக்குப் போயிற்று. அவளுக்கு ஒரு வாழைப்பழம் ஒழுங்காக வரைய வராது.

ரேணுகாம்பாளுக்கு நடந்தது அதோடு நிற்கவில்லை. மேகத்துக்கு மண்ணைப் பூசினவள் என்று பெயர் வந்துவிட்டது. கூறைப்புடவைப் படத்தை நூல் துண்டோடு கொண்டுவந்தவர்கள்கூட, அந்தம்மா போட வேண்டாம், நீங்களே போடுங்கள் என்று அப்பாதுரையிடம் சொன்னார்கள். அவன் சரி சரி என்று தலையாட்டிவிட்டுப் பின்அறைக்குத்தான் கொடுத்தான். முன்பு பெயர் இல்லாமல் வேலை செய்தாள், இப்போது ஒளிந்துகொண்டு வேலை செய்தாள். நான் அந்தத் தெரு வழியாகப் போவதை நிறுத்திவிட்டேன். ஸ்கூலுக்குச் சுற்றுவழியில் போனால் கால்மணி கூட ஆகும், ஆகட்டும் என்று போனேன்.

எழுபத்துநாலில் பூமி முழுசாகத் தெரிகிற புதுப் படம் ஒன்று பத்திரிகையில் கலரில் வந்தது. சந்திரனுக்குக் கடைசியாகப் போனவர்கள் எடுத்தது. கடல், மேகம், ஒரு பக்கம் ஆப்பிரிக்கா நல்ல செம்மண் நிறத்தில். அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம். மண் நிறமும் இருக்கிறதே, முழுக்கத் தப்பாகிவிடவில்லையே! அந்தப் பக்கத்தைக் கிழித்து எடுத்துக்கொண்டு, நாலு வருஷம் கழித்து ஸ்டுடியோவின் பின்அறைக்குள் நுழைந்தேன். பார்த்ததும் அவள் முகத்தைச் சுளிக்கவில்லை. உட்காருங்க டீச்சர் என்றாள். எனக்கு நேராக விஷயத்துக்கு வரத் துணிவில்லை. படத்தை நீட்டி, இதில் இருப்பது என்ன நீலம் என்று கேட்டேன்.

கையைத் துடைத்துக்கொண்டு, படத்தை வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துப் போனாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ரொம்ப நேரம் ஆயிற்று.

"சொல்ல வரலம்மா. ஓரத்துல ஒண்ணு தெரியுது, நடுவுல வேற ஒண்ணு இருக்குது. மேகத்துக்குக் கீழ பார்த்தா ரெண்டும் இல்ல" என்றாள். அப்புறம் படத்தில் இருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்: "பார்த்தவங்க இப்படித்தான் டீச்சர் தடுமாறுவாங்க. கல்யாணத்துக்குப் போயி புடவையப் பார்த்துட்டு வந்தவ, இதுவா அதுவான்னு நாலு நூல எடுத்து வச்சிக்கினு முழிப்பா. பாக்காதவதான் டக்குனு ஒண்ணத் தொடுவா. நீங்க அன்னிக்கு டக்குனு தொட்டீங்க."

தெரிந்தேதான் கலர் போட்டீர்களா என்று கேட்டேன்.

"தெரியும். நீங்கதான வேலை வாங்கித் தரேன்னீங்க. நீங்க போயே பாக்கலன்னு உங்க மூஞ்சிக்கு நேரா சொன்னா, வேலை எங்கேர்ந்து வரும்?"

அவள் குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் நான் அழுதிருப்பேன், அழுது பாவத்தைக் கொஞ்சம் கழுவிக்கொண்டிருப்பேன். பார்க்காத நிறத்தைத் தொட்டதே இல்லை என்று இருந்தவள், வாழ்க்கையில் ஒரே ஒரு தரம் தொட்டாள், அது என் மனசு கோணக்கூடாது என்பதற்காக. இன்றைக்கே கரஸ்பாண்டென்டிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன் என்றேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் அதைச் செய்யத்தான் நினைத்தேன்.

அவள் படத்தை மடிக்காமல் என் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

"சொல்லுங்க. சொன்னா உங்களுக்குத் தூக்கம் வரும். எனக்கு என்னா வரும்?"

ஸ்டுடியோவை விட்டு இறங்கி நேராகக் கரஸ்பாண்டென்ட் வீட்டுப் பக்கம்தான் நடந்தேன். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். அந்த வருஷம் எங்கள் பள்ளியில் உதவித் தலைமை ஆசிரியை இடம் காலியாக இருந்தது. மூன்று பேர் பெயர் அவரிடம் இருந்தது, அதில் ஒன்று என்னுடையது. அவர் வாசல் தோட்டத்தில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கேட் திறந்துதான் கிடந்தது. என்னைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"என்ன வத்ஸலா டீச்சர், இந்தப் பக்கம்?"

காய் வாங்க வந்தேன் சார் என்றேன். ஜூன் மாதம் அந்த இடம் எனக்குத்தான் கிடைத்தது.